நாலு பாயிண்ட் ஒரு ரூபாய்

சீட்டாட்டத்தைப் பத்தி எழுதப் போறேன்னு வீட்டுல சொன்னேன். "உளுந்து பத்தி எழுதுங்க, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்"னு பதில் வந்துச்சு. உளுந்து பத்தி எழுதியாச்சு, அதுவும் ரெண்டு தடவை. இது ஒரு வருஷத்துக்கு மேல மனசுல கெடக்குற விஷயம். எழுதி இறக்கி வச்சாத்தான் அடுத்த வேலை ஓடும் போல இருக்கு.

2024 கோடையை டெல்டாக்காரங்க லேசுல மறந்திருக்க மாட்டோம். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறக்கணும். அந்த வருஷம் அணையில தண்ணி இல்ல. ஜூன் 12 வந்துச்சு, போச்சு. போர் வச்சிருக்கறவங்க குறுவையில இறங்குனாங்க. நாங்க கடைமடை, போர் போட்டா உப்புத்தண்ணிதான் ஏறும். ஆக, வாய்க்கால் நனையுற வரைக்கும் எங்களுக்கு வேலையே கிடையாது. ஜூலை 28-ந்தேதி திறந்தாங்க. அது எங்க வாய்க்காலுக்கு வந்து சேர ஆகஸ்ட் பாதி ஆயிடுச்சு.

ரெண்டு மாசம் சும்மா இருந்து பாருங்க, தெரியும். காலையில வயலுக்குப் போயி வெடிச்சுக் கெடக்குற மண்ணைப் பார்த்துட்டு வருவோம். டீக்கடையில பேப்பரை விளம்பரம் வரைக்கும் படிப்போம். பத்து மணிக்கு மேல எங்க போறது? களத்துமேட்டுல ஒரு கீத்துக்கொட்டகை இருக்கு, அறுவடைக்கு நெல் காவல் படுக்குறதுக்குப் போட்டது. அங்க ஒரு கோரைப்பாயை விரிச்சோம். யாரோ ரெண்டு கட்டு சீட்டு கொண்டாந்தாங்க.

ஆறு பேர். டிராக்டர் ஓட்டுறவர். டீக்கடை அண்ணன், மத்தியானத்துக்கு மேல கடையை சம்சாரத்துகிட்ட விட்டுட்டு வந்துடுவார். கணக்கு வாத்தியார், ரிட்டயர் ஆனவர். எங்க மாப்ள, அதாவது தங்கச்சி வீட்டுக்காரர். நான். ஆறாவது ஆள்தான் திருப்பூர் பையன்.

அவன் எனக்கு மகன் முறை. எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், இறந்து ஆறு வருஷமாச்சு. அவரோட மூத்த பையன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. வைகாசித் திருவிழாவுக்கு வந்தவன் டைபாய்டுல படுத்துட்டான். எந்திரிச்ச பிறகும் அண்ணி உடனே அனுப்பல, உடம்பு தேறட்டும்னு வச்சுக்கிட்டாங்க. கையில கொஞ்சம் காசு, உடம்புல அசதி, ஊர்ல வேலை இல்ல. சீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பானா?

பதிமூணு சீட்டு ரம்மி. பாயிண்ட் ஆட்டம், நாலு பாயிண்ட் ஒரு ரூபாய். ஃபுல் கவுண்ட் 80 பாயிண்ட், அதாவது இருபது ரூபாய். சீட்டைப் பார்த்ததும் கை சரியில்லன்னு கவுத்துப் போட்டா ஸ்கூட், 20 பாயிண்ட், அஞ்சு ரூபாய். நடுவுல விட்டா மிடில், 40 பாயிண்ட், பத்து ரூபாய். கடன் சொல்லக்கூடாது, குடிச்சுட்டு வரக்கூடாது, விளக்கு வச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆடக்கூடாது. இதெல்லாம் வாத்தியார் போட்ட சட்டம். இதுல யாரும் தெருவுக்கு வந்துட முடியாதுன்னுதான் அப்ப நெனச்சோம்.

எனக்கு ரம்மி சொல்லிக்கொடுத்தது என் தாய்மாமா. கல்யாண வீட்டு ராத்திரியில, பந்தி முடிஞ்சு ஜமக்காளம் விரிச்ச பிறகு, அவர் முதுகுக்குப் பின்னால உக்காந்து பார்த்தே கத்துக்கிட்டேன். அவர் அதிகம் பேச மாட்டார். பத்து ஆட்டத்துல அஞ்சாறு ஆட்டம் சீட்டைப் பார்த்த உடனே கவுத்து வச்சுட்டு வெத்தலை மடிப்பார். எனக்கு அப்ப அது எரிச்சலா இருக்கும். ஆட வந்துட்டு இவரு ஏன் ஆடவே மாட்டேங்குறார்னு. நாலு ஸ்கூட்டும் ஒரு ஃபுல்லும் ஒண்ணுங்கற கணக்கு புரிய எனக்கு ரொம்ப நாளாச்சு. நாலு தடவை மானமா ஒதுங்குறதுக்கு ஆகுற செலவு, ஒரு தடவை வீம்பா நின்னு முழுசாத் தோக்குற செலவுக்குச் சமம்.

கொட்டகையில இந்தக் கணக்கு தெரிஞ்சவங்க ரெண்டே பேர். நானும் வாத்தியாரும்.

மத்த நாலு பேரும் ஸ்கூட்டே பண்ண மாட்டாங்க. டிராக்டர்காரருக்கு அது கௌரவப் பிரச்சினை. மாப்ளைக்கு சீட்டு எதுவா இருந்தாலும் ரெண்டு சுத்து பார்த்துட்டு முடிவு பண்ணணும், ரெண்டு சுத்து பார்த்த பிறகு விட மனசு வராது. திருப்பூர் பையனுக்கு ஜோக்கர் கையில இருந்தா போதும். "ரெண்டு ஜோக்கர் இருக்கு சித்தப்பா, எப்படி விடுறது?" ஆனா லைஃப் இருக்காது. ஜோக்கர் சேர்க்காம சொந்தமா மூணு சீட்டு வரிசையா சேர்ந்தாத்தான் லைஃப். அது இல்லாம மத்தது எல்லாம் சேர்ந்திருந்தாலும் அத்தனையும் கவுண்ட்தான். அவன் ராஜாவையும் ராணியையும் கடைசி வரைக்கும் கட்டிப்பிடிச்சுக்கிட்டே இருப்பான். யாராவது டிக்ளேர் பண்ணுனதும் கையை விரிச்சா, அழகழகா பட்டுப் போட்ட சீட்டா இருக்கும். எண்ணுனா எண்பது.

இப்படிப்பட்டவங்களோட ஆடுறது சுலபம்னு நினைப்பீங்க. எனக்கு முதல் ஒரு வாரம் நஷ்டம்தான்.

காரணம் என்னன்னா, நான் மாமாகிட்ட கத்துக்கிட்ட வித்தையை எல்லாம் இவங்ககிட்ட காட்டுனேன். உதாரணத்துக்கு, எனக்கு ஆட்டின் 10 வேணும். கையில ஒரு இஸ்பேட் 10 சும்மா இருக்கு. அதைத் தூக்கிப் போடுவேன். 'ஓ, இவன் 10 சேர்க்கல'ன்னு எதிராளி நெனச்சு ஆட்டின் 10-ஐ தைரியமா போடுவான். தூண்டில். கல்யாண வீட்டுல பெரிய கைகள்கிட்ட இது பலிக்கும். கொட்டகையில பலிக்கல. ஏன்னா நான் என்ன போட்டேன்னு அவங்க பார்க்கவே இல்ல. புழு இருக்கறதே தெரியாத மீனுக்கு என்ன தூண்டில் போடுறது?

இன்னொரு நாள் டிராக்டர்காரர் கிளாவர் 8 போட்டார். சரி, அவருக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லன்னு நான் கிளாவர் 9-ஐ விட்டேன். லபக்குன்னு எடுத்து டிக்ளேர் பண்ணிட்டார். 9, 10, ஜாக்கி. "8 போட்டீங்களேண்ணே, அதைச் சேர்த்தே வச்சிருக்கலாமே?"ன்னேன். "அது இஸ்பேட்னு நெனச்சுல்ல போட்டேன், ரெண்டும் கறுப்பாத்தானே இருக்கு"ங்கறார். யோசிச்சு ஆடுறவன் மனசைப் படிக்கலாம். யோசிக்காதவன் மனசை எப்படிப் படிக்கிறது?

அதுக்கப்புறம் வித்தையை எல்லாம் மூட்டை கட்டிட்டேன். கை மோசமா இருந்தா ஸ்கூட். நல்லா இருந்தா நேரா ஆடுறது. பெரிய சீட்டை முதல்லயே கழிச்சுடுறது. அடுத்தவன் ஓப்பன்ல இருந்து எதை எடுக்குறான்னு மட்டும் பார்க்குறது. வந்ததை விடுவானேன்னு இவங்க ஓப்பன் சீட்டை எல்லாம் எடுப்பாங்க, எடுக்குறப்பவே கதையைச் சொல்லிடுவாங்க. சுவாரஸ்யமே இல்லாத ஆட்டம், களை எடுக்குற மாதிரி. ஆனா ரெண்டாவது வாரத்துல இருந்து காசு வர ஆரம்பிச்சுது.

விவசாயக் கணக்கு டைரியோட கடைசிப் பக்கத்துல இதையும் எழுதி வச்சேன். பழக்கதோஷம். ஒருநாள் கணக்கு இப்படி இருக்கு: 25 ஆட்டம். ஸ்கூட் 12, போனது 60 ரூபாய். ஆடித் தோத்தது 8, போனது 58 ரூபாய். ஜெயிச்சது 5, வந்தது 214 ரூபாய். மிச்சம் 96. பாருங்க, இருபத்தஞ்சுல அஞ்சுதான் ஜெயிச்சிருக்கேன். அன்னைக்கு டிராக்டர்காரரும் அஞ்சு ஜெயிச்சார், ஆனா வீட்டுக்குப் போகும்போது கையைக் கடிச்சுக்கிட்டுத்தான் போனார். ஜெயிக்கிற எண்ணிக்கையில ஒண்ணும் இல்ல. தோக்குறப்ப எவ்வளவு தோக்குறோம்ங்கறதுலதான் இருக்கு.

பையன் தினமும் தோத்தான்னு நினைக்காதீங்க. தினமும் தோத்திருந்தா மூணாவது நாளே எந்திரிச்சுப் போயிருப்பான். ஒருநாள் ராத்திரி அவன் கைக்கு சீட்டு ஓடி ஓடி வந்துச்சு. எடுக்குறதெல்லாம் ஜோக்கர். நான் நல்ல கையை வச்சுக்கிட்டு நாலு தடவை கவுண்ட் குடுத்தேன். 180 ரூபாயோட எந்திரிச்சான். போற வழியில எல்லாருக்கும் போண்டா வாங்கிக் குடுத்தான். அந்த 180-ஐ நம்பித்தான் அடுத்த மூணு வாரம் வந்தான்.

நடுவுல ஒருநாள், ரம்மி போரடிக்குது, மூணு சீட்டு போடலாம்னு மாப்ள கிளப்புனார். வாத்தியார் முடியாதுன்னுட்டார். டீக்கடை பேப்பர் ஓரத்துல கணக்கு போட்டுக் காட்டுனார். 52 சீட்டுல மூணு மூணா எடுத்தா மொத்தம் 22,100 விதமான கை வரும். அதுல 16,440 கை வெறுங்கை. ஜோடி கூட கிடையாது. நூத்துக்கு 74. "வெறுங்கையை வச்சுக்கிட்டு எவன் அதிகமா முறைக்கிறானோ அவன் ஜெயிப்பான், அதுவும் இந்தக் கூட்டத்துல முறைச்சாலும் எவனும் பயப்பட மாட்டான்"னார். அப்பத்தான் அந்தத் தீர்ப்பைப் பத்தியும் சொன்னார். 1967-ல ஆந்திராவுல ஒரு கிளப் சம்பந்தமான வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. பதிமூணு சீட்டு ரம்மி முழு அதிர்ஷ்டம் இல்ல, விழுந்த சீட்டை ஞாபகம் வைக்கணும், எதைப் பிடிக்கணும் எதை விடணும்னு தெரியணும், அதனால அது பெரும்பாலும் திறமை ஆட்டம்னு சொல்லிட்டாங்க. மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம்னும் அதே தீர்ப்புல இருக்கு. நடத்துறவன் அதுல லாபம் பார்த்தா குத்தமாகலாம்னும் இருக்கு.

எல்லாருக்கும் சந்தோஷம். நாம ஆடுறது திறமை ஆட்டம்! டிராக்டர்காரர் மீசையைத் தடவிக்கிட்டார்.

எனக்கு மட்டும் ராத்திரி படுத்தா அது உறுத்துச்சு. அதிர்ஷ்டம்னா பரவாயில்ல. இன்னைக்கு எனக்கு, நாளைக்கு அவனுக்கு, யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல முடியாது. திறமைன்னா? எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தினமும் மத்தியானம் துண்டை உதறிப் போட்டுக்கிட்டுக் கெளம்புறேன். நெல்லு எடை போடுறவன் தட்டுல கையை வச்சா சும்மா விடுவோமா?

வாத்தியாருக்கும் இது உறுத்தியிருக்கு போல. ஜூலை நடுவுல ஒருநாள் வரப்புல நடந்து வரும்போது சொன்னார். "கவனிச்சியா, நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தொடுறதே இல்ல. நான் நல்ல கையோட இருக்கேன்னு தெரிஞ்சா நீ ஸ்கூட் பண்ணிடுற, நீ இருந்தா நான் விட்டுடுறேன். நாலு பேரு காசு ரெண்டு பேருகிட்ட வருது." சொல்லிட்டு அடுத்த நாள்ல இருந்து அவர் வரல. மூட்டு வலின்னு காரணம் சொன்னார். நான் போனேன். அஞ்சு பேரா ஆடுனோம். தெரிஞ்சவன் நான் ஒருத்தன் மட்டும்தான்.

இதை எழுதும்போதுதான் வெட்கமா இருக்கு, அப்ப இல்ல. வாத்தியார் எந்திரிச்சதுல இனிமே எனக்கு இன்னும் கொஞ்சம் கூட வரும்னுதான் முதல்ல தோணுச்சு.

அண்ணி வீட்டுக்கு வந்தது அந்த வாரத்துல. எங்க வயல்ல நடவுக்கு, களைக்கு எல்லாம் அண்ணிதான் முன்னால நின்னு ஆள் கூட்டிட்டு வருவாங்க. அந்த வருஷம் அதுவும் இல்ல. சின்னவளுக்கு ஸ்கூல் வேன் காசு ரெண்டு மாசம் பாக்கி. "ஒரு ஆயிரம் இருந்தா குடு தம்பி, நடவு வந்ததும் கழிச்சுக்க"ன்னாங்க. "தம்பியும் காய்ச்சல்ல படுத்துட்டான், கொண்டாந்த காசு எல்லாம் ஆஸ்பத்திரிக்கே போயிடுச்சுங்கறான்." பையனைத்தான் தம்பின்னு சொல்லுவாங்க.

ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரியாது. கொட்டகைக்கு எவ்வளவு வந்துச்சுன்னு தெரியும். டைரியில இருக்கு.

உள்ள போயி ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தேன். சீட்டுக் காசை அதுலதான் போட்டு வச்சிருந்தேன், பத்தும் இருபதுமா. அதுல இருந்து எண்ணி ஆயிரம் குடுத்தேன். அண்ணி ரெண்டு கையாலயும் வாங்கிட்டு, "சில்லறையா இருக்கே, உண்டியல் உடைச்சியா?"ன்னு சிரிச்சாங்க. எனக்கு வாய் வரல.

அவங்க தெரு திரும்புன பிறகு வீட்டம்மா சொன்னாங்க: "அவங்க காசையே அவங்களுக்குக் கடனா குடுக்குறீங்க."

அவ்வளவுதான் சொன்னாங்க. அடுப்படிக்குப் போயிட்டாங்க.

மறுநாள் ஒரு யோசனை பண்ணிக்கிட்டுப் போனேன். பையனுக்கு விட்டுக் குடுத்துடலாம்னு. அவனுக்கு வேண்டிய சீட்டைப் போடலாம், நல்ல கையை வச்சுக்கிட்டே ஸ்கூட் பண்ணலாம். சொல்றதுக்குச் சுலபம். நான் போடுறதை அவன் பார்க்கவே மாட்டான்னுதான் மேல சொன்னேனே. அவனுக்கு வேணும்னு ஆட்டின் 7 போட்டா, அதை விட்டுட்டுக் கட்டுல இருந்து எடுப்பான். நான் விட்டுக் குடுத்த காசு மாப்ளைக்கும் டிராக்டர்காரருக்கும் போச்சு. தெரியாதவனை ஜெயிக்கிறதைவிட, தெரியாதவன்கிட்ட தோக்குறது பெரிய பாடு.

சரின்னு மூணாவது நாள் சாயங்காலம் அவனை மட்டும் நிறுத்தி வச்சேன். பாயில உக்காத்தி சொல்லிக் குடுத்தேன். லைஃப் இல்லாத கை, லைஃபுக்கு வழியும் இல்லாத கை, எத்தனை ஜோக்கர் இருந்தாலும் ஸ்கூட். ராஜா ராணி மூணாவது சுத்துக்குள்ள ஜோடி சேரலன்னா கெளப்பு. அடுத்தவன் எடுக்குறதைப் பாரு. நாலு ஸ்கூட் ஒரு ஃபுல். நல்ல பையன், கம்பெனியில ஒரு நாளைக்கு எத்தனை பீஸ்ல தையல் விட்டிருக்குன்னு பார்க்குற கண்ணு. ரெண்டு நாள்ல பிடிச்சுக்கிட்டான். ஒரு வாரத்துல அவன்கிட்ட இருந்து எனக்கு அஞ்சு ரூபாய்க்கு மேல ஒரு ஆட்டத்துலயும் வரல. ஒருநாள் நான் போட்ட தூண்டிலை அவன் பார்த்துட்டான். பார்த்துட்டுச் சிரிச்சான். "10 வேணுமா சித்தப்பா?"

சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த ரெண்டு மாசத்துல எனக்கு நெஜமாவே ஆடுன மாதிரி இருந்தது அன்னைக்குத்தான்.

ஆகஸ்ட்ல வாய்க்கால்ல நொரையோட தண்ணி வந்துச்சு. பாயைச் சுருட்டி வச்சோம். நாத்தங்கால் வேலை ஆரம்பிச்சுது. பையன் திருப்பூர் போயிட்டான். டைரிக் கணக்கை முடிச்சுப் பார்த்தேன். 38 நாள், மொத்தம் 2,260 ரூபாய். அதுல பாதிக்குக் கிட்ட அவன் காசு.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன். சொல்லிக் குடுத்துத் திருத்துனேன்னு பெருமையா நாலு பேருகிட்ட பேசிட்டுப் போயிருப்பேன்.

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணுனான். "சித்தப்பா, நீங்க சொல்லிக் குடுத்தது நல்லா கை குடுக்குது. போன்ல ஆடுறேன். ஸ்கூட் பண்ணியே நானூறு வந்திருக்கு." குரல்ல அவ்வளவு சந்தோஷம். எனக்குக் கையில இருந்த வெடிப் பை கனத்துப் போச்சு.

ஆன்லைன் ரம்மிக்குத் தமிழ்நாட்டுல 2022-லயே தடை போட்டு சட்டம் கொண்டாந்தாங்க. 2023 நவம்பர்ல உயர் நீதிமன்றம், ரம்மி திறமை ஆட்டம், அதைத் தடை பண்ணது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அதே திறமை. வாத்தியார் கொட்டகையில சொன்ன அதே வார்த்தை.

அரை மணி நேரம் பேசுனேன். கொட்டகையில உக்காந்தா எதிர்ல இருக்கறவன் மூஞ்சி தெரியும், அவன் டிராக்டர்காரர்னு தெரியும், கறுப்புக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு தெரியும். போன்ல எதிர்ல யாரு? ராத்திரி பூரா இதையே பொழப்பா ஆடுறவனா இருந்தா? எங்க கொட்டகையில நான் எப்படி உன்னைப் பார்த்தேனோ, அப்படி அவன் உன்னைப் பார்ப்பான்டா. அதுவும் போக, ஒவ்வொரு ஆட்டத்துலயும் நடத்துறவன் தன் பங்கை எடுத்துக்கிட்டுத்தான் மிச்சத்தைக் குடுப்பான். களத்துமேட்டுக்கு நாம வாடகை குடுத்தோமா? விளக்கு வச்சு ஒரு மணி நேரத்துல எந்திரிக்கச் சொல்ல அங்க வாத்தியார் இருக்காரா?

"சரி சித்தப்பா"ன்னான். 'சரி'ன்னு சொல்ற விதத்துலயே தெரிஞ்சுது. கை வந்துடுச்சுன்னு நம்புறவன்கிட்ட என்ன சொல்லி என்ன? அந்த நம்பிக்கையைக் குடுத்ததே நான்தான். ஜூன் மாசத்துப் பையனா இருந்திருந்தா ரெண்டு நாள்ல ஐநூறு ரூபாய் விட்டுட்டு, இது நமக்கு ஆகாதுன்னு ஓடியிருப்பான். நான் சொல்லிக் குடுத்ததால தாக்குப்பிடிச்சு, மெதுவா, நிறைய விட்டான்.

பொங்கலுக்கு வந்தப்ப முகம் சரியில்ல. கரிநாளன்னைக்குக் களத்துமேட்டுக்குக் கூட்டிட்டுப் போயி கேட்டேன். பதினெட்டாயிரம். பாதி சம்பளம், பாதி கூட வேலை செய்றவங்ககிட்ட கைமாத்து. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னான். நான் திட்டல. எந்த வாயால திட்டுறது? அவன் போன்ல இருந்து அந்த ஆட்டத்தை அவனையே எடுக்கச் சொன்னேன். எடுத்தான். கைமாத்துல அஞ்சாயிரத்தை நான் அடைச்சேன், மிச்சத்தை அவன் மாசாமாசம் அடைச்சு முடிச்சுட்டான். திரும்ப ஆடலன்னுதான் சொல்றான். நம்புறேன். 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் போட்டு, பணம் வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்தையும் நிறுத்திடுச்சு. அன்னைக்கு அவனே போன் பண்ணி, "இனி நெனச்சாலும் முடியாது சித்தப்பா"ன்னான்.

அந்த வருஷம் ஜூன் 12-லயே மேட்டூர் திறந்துட்டாங்க. யாரும் பாயை விரிக்கல. அந்த ரெண்டு கட்டும் கொட்டகை மூங்கில்ல செருகுனது செருகுனபடி இருக்கு. பாதியைக் கரையான் தின்னுடுச்சு.

அண்ணி விஷயம் ஒண்ணு பாக்கி. 2025 தை அறுவடை முடிஞ்சதும் அண்ணி வந்தாங்க. ரெண்டு ஐநூறு ரூபாய் நோட்டு. நடவுக் கூலியில கழிச்சுக்கச் சொன்னதை நான் கழிக்கல, மறந்த மாதிரி முழுசா குடுத்துட்டேன். அவங்க மறக்கல. "வேணாம் அண்ணி, இருக்கட்டும்"னேன். "அதென்ன வேணாம், அவசரத்துக்குக் குடுத்தே. குடுத்து வாங்குனாத்தான் அடுத்த தடவை வந்து கேக்க முடியும்"னாங்க. வேணாம்னா ஏன் வேணாம்னு சொல்லணும். சொன்னா பையனைப் பத்திச் சொல்லணும், என்னைப் பத்தியும் சொல்லணும். வீட்டம்மா நிலைப்படியில நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

வாங்கிக்கிட்டேன்.